ஐப்பசிக் கொல்லையில் கோளாறு எங்கே? அறிகுறியிலிருந்து காரணத்துக்குச் செல்லும் வழிமுறை

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் மானாவாரிக் கொல்லைகளில் புரட்டாசிக் கடைசியிலிருந்து கார்த்திகை முடிய அறுவடையும் விதைப்பும் ஒன்றின்மேல் ஒன்றாக வந்து விழுகின்றன. ஆடியில் விதைத்த ராகியும் நிலக்கடலையும் முற்றி நிற்கும் அதே நாட்களில், சாமை அறுத்த நிலம் கொள்ளு விதைப்புக்குக் காத்துக் கிடக்கும். ஆண்டுக்குச் சுமார் 850 மில்லிமீட்டர் மழை பெறும் இந்த வட்டாரத்துக்குத் தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் சேர்ந்தே அதில் பெரும்பங்கைத் தருகின்றன. முன்னது விலகும் வேளையில், அக்டோபர் 20ஆம் தேதியை ஒட்டிப் பின்னது தொடங்கிவிடுவதால், முற்றிய பயிருக்கு வேண்டாத மழையும் அடுத்த விதைப்புக்கு வேண்டிய மழையும் ஒரே மழையாகப் பெய்கிறது.

இந்த நாட்களில் பயிரில் ஏதேனும் மாற்றம் தென்பட்டால் நம்மில் பலர் ஓர் இலையைக் கிள்ளிக்கொண்டு மருந்துக் கடைக்குப் போகிறோம். அந்த இலையின் மஞ்சள், நோயால் வந்ததா, நீர் தேங்கிய வேர் மூச்சு முட்டியதால் வந்ததா, பயிர் தன் வயது முடிந்து பழுப்பதா என்பதை இலை மட்டும் சொல்லிவிடாது. ஐப்பசிக் கோளாறுகளில் பெரும்பகுதி ஈரமும் நாள்கணக்கும் சேர்ந்து செய்பவை. புட்டி மருந்தால் தீர்பவை மிகச் சில. எனவே கீழே உள்ள எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் மூன்றைப் பார்த்துவிடுங்கள். மண்வெட்டியால் ஒரு சாண் ஆழம் தோண்டி, வேர் நிற்கும் இடத்தில் மண் எப்படி இருக்கிறது என்று கையால் தொட்டுப் பாருங்கள். விதைத்த தேதியையும், கடைசியாக நல்ல மழை பெய்த தேதியையும் நாட்காட்டியில் எண்ணுங்கள். கொல்லையின் மேட்டுப் பக்கத்தையும் பள்ளத்துப் பக்கத்தையும் ஒப்பிடுங்கள். பள்ளத்தில் மட்டும் கோளாறு இருந்தால் காரணம் அநேகமாக நீர்தான்.

விதைத்து எட்டு நாளாகியும் முளை வெளியே வரவில்லை

விதை கெட்டது என்று உடனே முடிவு செய்ய வேண்டாம். வரிசையில் ஓரடி நீளத்துக்கு மண்ணை விரலால் மெல்லக் கிளறி விதையைத் தேடி எடுங்கள். கையில் கிடைப்பதைப் பொறுத்து வழி பிரிகிறது.

முளைத்த குருத்து வெள்ளையாக, மண்ணின் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே கொக்கிபோல் வளைந்து கிடந்தால், விதையில் குற்றமில்லை. மண்தான் கதவை அடைத்திருக்கிறது. நம் செம்மண்ணில் விதைத்த மறுநாள் கனத்த மழை அடித்து, அதன்பின் இரண்டு நாள் வெயில் காய்ந்தால், மேல்மண் ஓடுபோல இறுகிவிடும். நகத்தால் நெம்பினால் அது அப்பளத் துண்டுபோல் தகடாகப் பெயர்ந்து வரும். இதற்கு வேண்டியது மருந்தன்று. முள் படலை வரிசைக்குக் குறுக்கே லேசாக இழுத்து ஓட்டை உடைத்துவிட்டாலே இரண்டு நாளில் முளை தலை காட்டும். ஆழமாகக் கிளறினால் குருத்து ஒடிந்துவிடும் என்பதால் படலின்மேல் கல் வைத்துக் கனம் ஏற்றக் கூடாது. கிணற்று நீர் உள்ளவர்கள் தூவலாக ஒரு முறை நனைத்தாலும் போதும். ஆண்டுதோறும் இதே கொல்லை இப்படி இறுகினால், கோடை உழவில் ஏக்கருக்கு 5 டன் மட்கிய தென்னைநார்க் கழிவோ, கிடைக்கும் அளவு தொழு உரமோ இட்டு உழுவதே நிலையான தீர்வு.

விதை ஊதி, மெத்தென்று நசுங்கி, கெட்ட வாடை அடித்தால், நீர் தேங்கி அழுகியிருக்கிறது. அங்கே மறுவிதைப்புதான், ஆனால் வடிகால் எடுக்காமல் மறுவிதைப்புச் செய்தால் இரண்டாம் விதையும் அதே வழியில் போகும். விதை போட்டபடியே உலர்ந்து கெட்டியாக இருந்தால், மழை மேல்மண்ணை மட்டும் நனைத்திருக்கிறது. விதை ஈரத்துக்கு எட்டாமல் நிற்கிறது. இதைக் கலைக்க வேண்டாம், அடுத்த மழையில் முளைத்துக்கொள்ளும். விதையே கிடைக்கவில்லை என்றால் எறும்பும் பறவையும்தான் காரணம்.

மழை நின்றும் நிலத்தில் இறங்க முடியவில்லை, விதைப்பு தள்ளிப்போகிறது

இங்கேதான் அவசரம் அதிகக் கெடுதல் செய்கிறது. மேல்மண் வெளுத்துவிட்டது என்று டிராக்டரை இறக்கினால், உள்ளே சேறாக இருக்கும் மண் கலப்பையின் அடியில் மெழுகுபோல் அழுந்தி, காய்ந்தபின் கட்டி கட்டியாக நிற்கும். அந்தக் கட்டிகள் அந்தப் பட்டம் முழுதும் உடையா. ஒரு சாண் ஆழத்து மண்ணைக் கைப்பிடி எடுத்து உருண்டை பிடித்து, இடுப்பு உயரத்திலிருந்து கீழே விடுங்கள். உருண்டை உதிர்ந்தால் உழவுக்குப் பதம் வந்துவிட்டது. தட்டையாக அமுங்கி அப்படியே கிடந்தால் இன்னும் ஓரிரு நாள் பொறுக்க வேண்டும்.

கொள்ளுக்கு இந்தக் காத்திருப்பு பெரும் நட்டமன்று. அது நிலத்தில் மிச்சமிருக்கும் ஈரத்தையும் இரவுப் பனியையும் கொண்டே வளரும் பயிர். செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை விதைக்கலாம். ஏக்கருக்கு 8 கிலோ விதை போதுமானது. ஆனால் கார்த்திகை பிறந்து நாள்கள் போகப் போக மண் ஈரம் வேகமாகக் குறையும். அதன்பின் விதைப்பவர் குறைந்த விளைச்சலுக்குத் தயாராக இருக்க வேண்டும். மழையை நம்பிக் காத்திருந்து ஏமாறும் ஆண்டும் உண்டு: 2016இல் வடகிழக்குப் பருவமழை தமிழகம் முழுவதும் 62 விழுக்காடு குறைந்துபோனது. அத்தகைய ஆண்டில் புரட்டாசி ஈரத்தில் விதைத்தவர்களுக்குத்தான் பயிர் நின்றது. எனவே பதமான ஈரம் கையில் இருக்கும்போது, வரப்போகும் மழையைக் கணக்கில் வைத்து விதைப்பைத் தள்ளிப் போடாதீர்கள்.

கொள்ளுக் கொடி செழிப்பாக ஓடுகிறது, பூவும் காயும் இல்லை

விதைத்த தேதியைப் பாருங்கள். கொள்ளு பகல்பொழுது சுருங்கும்போது பூக்கும் பயிர். ஆவணியிலேயே விதைத்திருந்தால் கொடியாக ஓடிக்கொண்டே இருக்கும். இது நோயன்று, காலத்துக்காகக் காத்திருக்கிறது. யூரியா தூவினால் கொடிதான் இன்னும் கூடும். பைகளில் வரும் பூ ஊக்கிகளுக்குச் செலவு செய்யவும் வேண்டாம்.

ராகிக் கதிர் வந்தும் மணி பிடிக்கவில்லை

கதிரை விட்டுவிட்டு அதன் கழுத்தைப் பாருங்கள். கதிருக்குக் கீழே இரண்டு மூன்று அங்குலம் பழுப்பாகி, கருத்து, சுருங்கி, அங்கேயே கதிர் மடிந்து தொங்கினால் அது குலைநோய். தளி, தேன்கனிக்கோட்டை மேட்டுப் பகுதிகளில் ஐப்பசி இரவுகள் குளிர்ந்து, காலை பத்து மணி வரை பனி இலையில் நிற்கும் நாட்களில் இது வேகமாகப் பரவும். யூரியாவை அதிகமாகப் போட்ட கொல்லையில் கூடுதலாகவே காணலாம். கழுத்து கருத்த கதிரை எந்த மருந்தும் மீட்காது. இதைக் கசப்பாக இருந்தாலும் ஏற்றுக்கொள்ள வேண்டும். கதிர் பாதிதான் வெளிவந்திருக்கும் பயிரில், மீதியைக் காப்பாற்ற கார்பென்டாசிம் மருந்தை லிட்டருக்கு 1 கிராம் கலந்து தெளித்து, பத்து நாள் கழித்து மறுமுறை தெளிக்கலாம். மணி முற்றத் தொடங்கிய கொல்லையில் தெளிப்பது வீண் செலவு. மருந்து எச்சம் களியில்தான் வந்து சேரும். அடுத்த பட்டத்துக்கு விதை கிலோவுக்குச் சூடோமோனாஸ் என்னும் நன்மை செய்யும் பாக்டீரியாத் தூளை 10 கிராம் கலந்து விதைப்பதும், அந்தக் கொல்லையின் விதையையே மீண்டும் எடுக்காமல் இருப்பதும் இதைவிடப் பயனளிக்கும்.

கழுத்து பச்சையாக இருந்து, கதிர் மட்டும் வெளுத்து, பிடித்து இழுத்தவுடன் உருவிக்கொண்டு வந்தால் தண்டுத் துளைப்பான் புழு. கழுத்தும் நன்றாக, கதிரும் இறுக்கமாக இருந்து மணி மட்டும் சூம்பியிருந்தால், பூக்கும் பத்து நாளில் ஈரம் இல்லாமல் போயிருக்கிறது. இந்த மூன்றாவதற்குச் செய்ய இனி ஒன்றுமில்லை.

பாதிக் கதிர் பழுத்திருக்கிறது, பாதி பச்சை. மழை அறிவிப்பு வந்துவிட்டது

ராகியில் தாய்க்கதிர் முந்திக்கொள்ளும், பக்கத் தூர்களின் கதிர் பிந்தும். வழக்கமான முறையில் பாதிக் கதிர்கள் பழுப்பானதும் ஓர் அறுப்பு, ஏழு நாள் கழித்துப் பச்சை உட்பட எல்லாவற்றுக்கும் இரண்டாம் அறுப்பு. இரண்டாம் அறுப்பில் வந்த கதிரை நிழலில் ஒரு நாள் குவித்து வைத்தால், குவியலின் சூட்டில் பச்சை மணியும் முற்றிவிடும். அதன்பிறகு காயவைத்து அடிக்கலாம். இந்த முறை நல்லதுதான், ஆனால் அது காய்ந்த நாளுக்கு உரியது.

ஒரு கார்த்திகையில் நான் இதைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல் நட்டப்பட்டேன். மழைக்கு முந்திவிட வேண்டும் என்று விடியற்காலையில் ஆள் விட்டு, பனி சொட்டச் சொட்ட அறுத்த கதிரைக் களத்தில் குவித்து, தார்ப்பாய் போட்டு நான்கு பக்கமும் கல் வைத்து மூடினேன். தூறல் மூன்று நாள் விடவில்லை. நான்காம் நாள் பாயை விலக்கியபோது ஆவி எழுந்தது. என் அம்மா முழங்கை வரை குவியலுக்குள் கைவிட்டு, "சோத்துப் பானை மாதிரி கொதிக்குதே சாமி" என்று கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். நடுக்குவியலில் இருந்த கதிர் புளித்த வாடையுடன் கருத்து, விரலால் அழுத்தினால் மாவாகக் குழைந்தது. மேலே ஒரு சாண், ஓரங்களில் ஒரு சாண் மட்டுமே சாப்பிடத் தேறியது. மழை கெடுத்ததைவிட என் மூடாக்கு கெடுத்ததே அதிகம்.

ஆகவே மழைக்கு முன் அறுக்கிறீர்கள் என்றால், பனி உலர்ந்தபின் அறுங்கள். பழுப்பான கதிரை மட்டும் முதலில் கொய்யுங்கள். குவிக்காமல் கூரையின்கீழ் அரையடிக்கு மேல் போகாத பரப்பாக விரித்து, ஒரு நாளைக்கு இரண்டு முறை புரட்டுங்கள். தார்ப்பாய் போட நேர்ந்தால் அடியில் கழிகளைக் கட்டிக் காற்று நுழைய வழி விட்டு, மழை இடைவெளி விடும்போதெல்லாம் திறந்துவிடுங்கள். இரண்டு நாளுக்கு மேல் அடைமழை என்று அறிவிப்பு இருந்து, வீட்டில் விரிக்கக் கூரை இல்லை என்றால், நிற்கும் பயிரை நிற்கவே விடுவது மேல். சாயாத ராகிக் கதிர் சில நாள் மழையைத் தாங்கும், குவியல் தாங்காது.

அடித்த மணியின் ஈரம் 12 விழுக்காட்டுக்குள் வந்தால்தான் மூட்டை கட்டலாம். அரசு நேரடிக் கொள்முதல் நிலையத்திலும் அந்த அளவுதான் கேட்கிறார்கள். 2025-26 பருவத்துக்கு ராகியின் குறைந்தபட்ச ஆதார விலை குவிண்டாலுக்கு 4,886 ரூபாய் என்பதால், சரியாகக் காயவைக்காமல் திரும்பக் கொண்டுவரும் மூட்டை சிறிய இழப்பன்று. கதிரைத் தார்ச்சாலையில் பரப்பி வண்டிச் சக்கரத்தில் அடிக்கும் வழக்கத்தை நான் ஏற்கவில்லை. மழைக்காலத்தில் ஈரத் தாள் மேல் இருசக்கர வாகனங்கள் வழுக்குகின்றன; மணியில் கல்லும் மண்ணும் சேர்கின்றன.

நிலக்கடலைச் செடியைப் பிடுங்கினால் காய் மண்ணிலேயே தங்கிவிடுகிறது

காயைச் செடியோடு இணைக்கும் காம்புதான் விழுது; செடியில் ஒட்டியிருக்கும் அறுந்த விழுதின் நுனியைக் கூர்ந்து பாருங்கள். நுனி பச்சையாக, நாராகக் கிழிந்திருந்தால் விழுது உறுதியாகத்தான் இருந்தது. மண் இறுகிக் காயைப் பிடித்துக்கொண்டது. ஒரு லேசான மழைக்கோ, வசதி இருந்தால் ஒரு நனைப்புக்கோ காத்திருந்து, பதம் வந்தபின் கலப்பை ஓட்டிப் பிடுங்குங்கள். நுனி பழுத்து, கருத்து, நைந்திருந்தால் பயிர் வயது கடந்துவிட்டது, அல்லது இலைப்புள்ளி நோயால் இலை உதிர்ந்து செடி முன்னரே செத்திருக்கிறது. இதற்கு மழையை எதிர்பார்த்து நிற்பது நேர்மாறான செயல். அன்றே ஆள் சேர்த்துப் பிடுங்கிவிட்டு, மண்ணில் தங்கியதைக் கலப்பைக்குப் பின்னால் பொறுக்க வேண்டும்.

வயதை இலையைக் கொண்டு தீர்மானிக்காதீர்கள். கொல்லையில் நான்கைந்து இடத்தில் செடி பிடுங்கி, காயை உடைத்து ஓட்டின் உட்புறத்தைப் பாருங்கள். வெள்ளையாக இருந்தால் பிஞ்சு. பழுப்பும் கருப்புமாகப் படிந்திருந்தால் முற்றியது. முக்கால்வாசிக் காய் அப்படி இருந்தால் மழை முன்னறிவிப்பைப் பார்த்து நாள் குறிக்கலாம்.

பிடுங்கிய கடலையில் முளை வந்திருக்கிறது, அல்லது பச்சைப் பூஞ்சணம் தெரிகிறது

நம் பகுதியில் பயிரிடும், கொடியாகப் படராத கொத்துக் கடலை ரகங்களுக்கு விதை உறக்கம் (முற்றியபின் சில காலம் முளைக்காமல் இருக்கும் தன்மை) கிடையாது. முற்றிய காய் ஈர மண்ணில் சில நாள் கிடந்தாலே உள்ளேயே முளைவிடும். மேட்டில் குறைவாகவும் பள்ளத்தில் அதிகமாகவும் முளைத்திருந்தால், பள்ளத்துச் செடிகளை முதல் நாளே தனியாகப் பிடுங்கித் தனிக் குவியலாக வைத்திருக்க வேண்டும். ஒன்றாகக் கலந்துவிட்டால் மொத்தத்துக்கும் முளைக்கடலையின் விலையே கிடைக்கும்.

பூஞ்சணத்தை இதைவிடக் கவலையோடு பார்க்க வேண்டும். பருப்பின்மேல் மஞ்சள் கலந்த பச்சைத் தூளாகப் படிவது ஆஸ்பெர்ஜில்லஸ் என்னும் பூஞ்சணம். அது உண்டாக்கும் அஃபிளடாக்சின் என்னும் நஞ்சு வறுத்தாலும் வேகவைத்தாலும் முழுதாக நீங்காது. செக்கில் ஆட்டினால் சுத்திகரிக்காத எண்ணெயிலும் அதைவிடக் கூடுதலாகப் பிண்ணாக்கிலும் சேரும். அந்தப் பிண்ணாக்கைக் கறவை மாட்டுக்கு வைத்தால் பாலிலும் வரும். அந்தப் பாலைத்தான் வீட்டுப் பிள்ளைகள் குடிக்கிறார்கள். எனவே பூஞ்சணம் பிடித்ததைப் பொறுக்கித் தனியே புதைத்துவிடுங்கள். மாட்டுக்கென்று ஒதுக்கவும் வேண்டாம். வராமல் தடுக்க, பிடுங்கிய செடியைக் காய் மேலே பார்க்கும்படி திருப்பி வரிசையாக வைத்து, காயை மண் தொடாமல் உலர்த்த வேண்டும். ஆய்ந்த காயைத் தரையில் அல்லாமல் பாயிலோ சிமெண்டுக் களத்திலோ காயவைத்து, ஈரம் 8 விழுக்காட்டளவுக்கு வந்தபின் மூட்டை கட்டுங்கள். அளக்கக் கருவி இல்லாவிட்டால் காயைக் காதருகே குலுக்குங்கள். பருப்பு கலகலவென்று ஒலித்து, கடித்தால் மொறுக்கென்று உடைய வேண்டும்.

தக்காளி வெடிக்கிறது, மரவள்ளி இலை மஞ்சளாகிறது

பாலக்கோடு, இராயக்கோட்டை வட்டாரத்துத் தக்காளித் தோட்டங்களில் பல நாள் காய்ந்திருந்த நிலத்தில் திடீர் மழை விழுந்தால், தோல் விரிவதைவிட வேகமாகச் சதை பருத்துப் பழம் காம்பைச் சுற்றி வெடிக்கும். வறண்ட இடைவெளி நேராமல் அளவாக நீர் விட்டு வருவதும், மழைக்கு முந்தின நாள் நிறம் திரும்பிய காயைப் பறித்துவிடுவதும் போதும்.

மரவள்ளியில் பள்ளத்துப் பக்கம் மட்டும் இலை மஞ்சளாகித் தொங்கினால் ஒரு செடியைத் தோண்டிக் கிழங்கைப் பாருங்கள். பழுப்புத் திட்டும் நாற்றமும் இருந்தால் அழுகல் தொடங்கிவிட்டது. அந்தச் செடிகளை உடனே அகற்றி, வரிசைகளுக்கிடையே வடிகால் வெட்டுங்கள்.

கார்த்திகையில் மாமரம் செம்பு நிறத்தில் துளிர்க்கிறது

காவேரிப்பட்டணம், பர்கூர் பக்கத்து மாந்தோப்புக்காரர்களுக்கு இது அழகிய காட்சியன்று. தை, மாசியில் பூக்க வேண்டிய மரம் அதற்கு முன் இரண்டு மாதம் வறட்சியிலும் குளிரிலும் ஓய்வெடுக்க வேண்டும். கார்த்திகை மழை நீண்டால் ஓய்வு கலைந்து இளந்துளிர் விடும். அந்தத் துளிர் முற்றாமல் பூக்காது. ஆதலால் பூ பிந்தும், அல்லது அந்தக் கிளையில் அந்த ஆண்டு பூவே இராது. சொட்டுநீரை நிறுத்திவிடுங்கள், தழைச்சத்து உரம் இடாதீர்கள், தோப்பில் நிற்கும் நீரை வடியவிடுங்கள். பிப்ரவரி வந்தும் பூக்காவிட்டால் பொட்டாசியம் நைட்ரேட்டை லிட்டருக்கு 10 கிராம் கலந்து தெளிக்கலாம். துளிர்த்தவுடன் பதறி டிசம்பரிலேயே தெளிப்பதால் பயனில்லை.

ஒரே இரவில் கொல்லை நீரில் மூழ்கிவிட்டது

கிழக்குப் பக்கத்து ஊத்தங்கரை, அரூர் வட்டங்களுக்குக் கடற்கரைப் புயலின் எச்சம் வந்து சேர்வதுண்டு. 2024 நவம்பர் 30ஆம் தேதி இரவு புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயல் வலுவிழந்து மேற்கே நகர்ந்தபோது, ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஆண்டு முழுதும் பெய்ய வேண்டியதில் பாதிக்கு மேல் அது.

இத்தகைய நாளில் முதல் வேலை நீரை வடிப்பது. இரண்டாவது வேலை எழுத்து வேலை. மூழ்கிய பயிரையும், அறுத்துக் கொல்லையில் பரப்பியிருந்த கதிரையும் வடியத் தொடங்குமுன் தேதியுடன் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பயிர்க் காப்பீடு செய்திருந்தால் 72 மணி நேரத்துக்குள் 14447 என்ற எண்ணிலோ, வங்கியிலோ, வேளாண்மை அலுவலகத்திலோ தெரிவிக்க வேண்டும். அறுத்து உலரவிட்டிருந்த பயிருக்கும், அறுவடைக்குப் பிந்தைய இழப்புக்கான காப்பீட்டுப் பிரிவு உங்கள் பயிருக்கு அறிவிக்கப்பட்டிருந்தால், அறுவடை நாளிலிருந்து 14 நாள் வரை இழப்பீடு கோரலாம். அறுத்த தேதியை எழுதி வைத்திருப்பது அப்போதுதான் கைகொடுக்கும். கிராம நிர்வாக அலுவலரிடம் இழப்பு பற்றிய மனுவைக் கொடுத்து, அதன் நகலில் பெற்றுக்கொண்டதற்கான ஒப்பமும் தேதியும் வாங்கிக்கொண்டு, கொல்லைக்குத் திரும்பி, நின்று பிழைத்த பயிரின் வேரடியில் மண் அணைக்கத் தொடங்குங்கள்.